இல்லாத தம்பிக்கு அனுப்பிய பணம்

கல்யாணப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி முழங்காலில் நகர்ந்தபடி கவுனின் கீழ்மடிப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள் டெய்லரக்கா. வாயில் நாலு குண்டூசி. அதனால் "திரும்பு", "நேரா நில்லு" எல்லாமே புருவத்தால்தான். அந்த நேரம் பார்த்து வெட்டுமேசைமேல் இருந்த போன் அடித்தது.

"தெரியாத நம்பர்க்கா. ஸ்பீக்கர்ல போடட்டுமா?" என்றாள் மூலை மெஷினில் இருந்தவள். துணியின் பிசிறை வெட்டி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அவள் பொறுப்பு. வாயும் அதே வேகத்தில் ஓடும் என்பதால் அவள் பேரே ஓவர்லாக் என்று ஆகிவிட்டது.

புருவம் 'போடு' என்றது.

"வணக்கம் மேடம். டிஜிட்டல் நாணயம் வாங்கி விக்கிற கம்பெனியோட சரிபார்ப்புப் பிரிவுலேருந்து பேசறேன். உங்க கணவர் எங்ககிட்ட கணக்கு வச்சிருக்கார். ரெண்டு வருஷம் முன்னாடி கணக்கு ஆரம்பிச்சப்பவே தொடர்புக்கு உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கார். இன்னைக்குக் காலையில ஒரு வெளிக்கணக்குக்கு நாணயம் அனுப்பச் சொல்லியிருக்கார். வாங்கறவர் யாரு, என்ன உறவுன்னு நாங்க கேட்டே ஆகணும், இப்ப அதுதான் சட்டம். மைத்துனர்னு எழுதியிருக்கார். உங்க தம்பிதானே மேடம்?"

டெய்லரக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"எனக்குத் தம்பி இல்லையேம்மா."

"அண்ணன்?"

"அண்ணனும் இல்ல. நாங்க மூணு பொண்ணு. நாலாவதுக்கு எங்கப்பா துணியல."

ஓவர்லாக் களுக்கென்று சிரித்தாள். கல்யாணப் பெண்ணும் சிரிக்கப்போய், ஊசி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். டெய்லரக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "திரைக்குப் பின்னால போய் மெதுவாக் கழட்டும்மா, ஊசி பத்திரம்" என்று பெண்ணை அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரை நிறுத்தி, மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். கீழே கடை, மேலே வீடு. ரகசியம் பேச அந்தப் படிக்கட்டின் அடியைத் தவிர அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"மேடம்," என்றது போன். இப்போது அந்தக் குரலில் எழுதி வைத்துப் படிக்கிற தொனி இல்லை. "ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல யாரையாவது யாராவது மிரட்டறாங்களா?"

"ஏன் அப்படிக் கேட்கறீங்க?"

"விண்ணப்பத்துல மூணு இடத்துல 'அவசரம்'னு எழுதியிருக்கார். இந்த மாசம் எனக்கு இது பதினோராவது பொய் உறவு மேடம். ஒருத்தர் சித்தப்பான்னு எழுதினார். விசாரிச்சா, சித்தப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சாம்."

டெய்லரக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். போனே தொடர்ந்தது.

"நாங்க இதை நிறுத்தி வச்சிருக்கோம். அவரே ரத்து பண்ணினா பணம் அவர் கைக்குத் திரும்ப வந்துடும். ஆனா போயிட்டா அவ்வளவுதான். அந்தப் பக்கம் தொட்டதும் தடம் தெரியாத நாணயமா மாத்திடுவாங்க. யார் வாங்கினா, எங்க இருக்கான், எங்களுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. கிணத்துல போட்ட கல்லுன்னாக்கூட ஒரு சத்தம் கேட்கும் மேடம். இதுல அதுவும் கேட்காது."

மூன்று நாளாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த முள் அப்போதுதான் அவளைக் குத்த ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு விடுதி ஊழியர்களுக்கு நாற்பது சீருடை, மாதிரிப் படம் இணைத்திருக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல். வெண்ணெய் திரண்டு வருகிறது என்று நம்பிப் படத்தைத் திறந்தாள். தாழி உடைந்தது மறுநாள்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த வாடிக்கையாளர் கோப்பு முழுவதும் எவனோ ஒருவன் கைக்குப் போய்விட்டது. நாலு நாளில் அவன் சொன்ன முகவரிக்கு டிஜிட்டல் நாணயம் வரவேண்டும். வராவிட்டால் கோப்பில் இருப்பது ஊருக்கெல்லாம் போகும். பெயர் இல்லை, குரல் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு முகவரி மட்டும்.

கோப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள்.

டெய்லரக்கா நாடாவை மட்டும் நம்பித் தைப்பவள் அல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் மலிவுத் துணியில் ஒரு ஒத்திகைச் சட்டை தைத்துப் போட்டுப் பார்ப்பாள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று படம் எடுப்பாள். கழுத்துக்குக் கீழேதான் எடுப்பாள், முகம் வராது. ஆனால் தைக்கும்போது ஆள் மாறிப்போகக் கூடாதே என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரையும் போன் நம்பரையும் போட்டு, தன் குறிப்பையும் எழுதி வைப்பாள். 'வலது தோள் அரை இஞ்ச் இறக்கம்.' 'முதுகில் தீக்காயம், கழுத்தை உயர்த்தணும்.' 'மூணாம் மாசம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இடுப்பில் துணி விடவும்.' மருத்துவரிடம் பொய் சொல்கிறவர்கள்கூட தையல்காரியிடம் சொல்வதில்லை. சொன்னால் சட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

மிரட்டல் வந்த அன்றே "ஒரு பைசா தரமாட்டேன்" என்று கத்தினாள். கத்தினதோடு சரி. அடுத்த மூன்று நாளும் எதுவும் நடக்காததுபோல ஊசி குத்திக்கொண்டிருந்தாள். போலீசுக்கும் போகவில்லை, அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் சொல்லவில்லை. அவன் வெறுமனே பயமுறுத்துகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் வீரம் அவ்வளவுதான் இருந்தது.

போனை வைத்துவிட்டுப் புருஷனுக்கு அடித்தாள். ரெண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர்.

"என் தம்பி உங்களைத் தேடி வந்திருக்கான். உடனே வாங்க."

சாப்பாட்டு மணி அடித்த ஐந்தாவது நிமிடம் வாத்தியார் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"யாரு... யாரு வந்திருக்கா?"

"நீங்கதானே எழுதினீங்க, மைத்துனர்னு. எங்கப்பாவுக்குத் தெரியாம எங்கேயிருந்து பிடிச்சீங்க?"

வாத்தியார் கஸ்டமர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பெறுபவர் உறவுன்னு ஒரு கட்டம் இருந்தது. காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. என்னத்த எழுதறது? திருடன்னா எழுத முடியும்?"

"அதுக்கு என் வீட்டு ஆளாவா ஆக்கணும்? உங்க வீட்டுல எழுதிக்க வேண்டியதுதானே, பெரியப்பா மகன்னு?"

"எங்க வீட்டு ஆளுக்கு இவ்வளவு பெரிய தொகை கொடுப்பேன்னா யாரு நம்புவா?"

ஓவர்லாக் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினாள். டெய்லரக்காவுக்கும் உதடு துடித்தது, ஆனால் விடவில்லை. "சிரிக்க வச்சுத் தப்பிக்கலாம்னு பாக்காதீங்க வாத்தியாரே. ஏன் எனக்குத் தெரியாம பண்ணினீங்க?"

"நீ மூணு நாளாத் தூங்கல. ராத்திரி எழுந்து எழுந்து போனைப் பாக்கறே. பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு தையலாப் போட்டுச் சேர்த்த கடை இது. என்கிட்ட கொஞ்சம் நாணயம் இருந்தது. போனாப் போகட்டும், நீ இருந்தாப் போதும்னு..." சட்டென்று கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "நடுவுல இவங்க யாரு? என் பணம். நான் யாருக்கு அனுப்பினா என்ன? கேள்வி கேட்காத பணம்னுதானே வாங்கினேன்! இதுக்கும் அதிகாரி, விண்ணப்பம், உறவுமுறைன்னா, அப்புறம் பேங்கே போதுமே!"

ரெண்டு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பாடிய பாட்டு இது. கேள்வி கேட்காத பணம், எல்லை இல்லாத பணம், எவனுக்கும் கைகட்டாத பணம். அவளும் கேட்டுத் தலையாட்டியவள்தான்.

"கேள்வி கேட்காத பணத்தால யாருக்கு வசதின்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள். "நமக்கா? அவனுக்குத்தான். ஒரு விண்ணப்பத்துல ஒரு கேள்வி கேட்டதும் உங்க பொய் அஞ்சு நிமிஷத்துல பிடிபட்டுது. அதே கேள்வியை அவன்கிட்டயும் எவனாவது கேட்டிருந்தா, நம்ம வீட்டு வாசலுக்கு வந்திருப்பானா?"

படியில் செருப்புச் சத்தம். சண்டைக்கு எப்போதும் சரியான நேரத்தில் இறங்கி வரும் மாமியார் பாதிப்படியில் நின்றாள். "கொடுத்துத் தொலைங்கடா! தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

"சாணும் முழமும் எனக்கு ஒண்ணு இல்ல அத்தை. நான் டெய்லர்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

"ஒரு தடவை கொடுத்தா மறுபடி வரமாட்டான்னு என்ன நிச்சயம்? ருசி கண்ட பூனை அத்தை அவன். அழிச்சுட்டேன்னு சொல்வான். அழிச்சானா இல்லையான்னு எந்த மூஞ்சியப் பார்த்து நான் தெரிஞ்சுக்கறது? ஆளைப் பார்க்காம, அளவு எடுக்காம நான் ஒரு கைக்குட்டைகூடத் தைச்சதில்ல."

"அந்தக் கம்பெனி விடலைன்னா வேற வழி இருக்கு," என்றார் வாத்தியார் மெல்ல. "போன் ரிப்பேர் கடை மாடியில ஒருத்தன் இருக்கான். ரொக்கமாக் கொடுத்தா பத்து நிமிஷத்துல எந்த முகவரிக்கும் அனுப்பிடுவான். பேரு ஊரு எதுவும் கேட்கமாட்டான்."

"அக்கா."

எல்லோரும் திரும்பினார்கள். திரையை விலக்கிக்கொண்டு கல்யாணப் பெண் நின்றாள். அவள் உள்ளே இருப்பதையே மறந்துபோயிருந்தார்கள்.

"என் படமும் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

டெய்லரக்கா வாத்தியாரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வாத்தியார் கண்ணாலேயே 'சொல்லாதே' என்றார்.

"இருக்கும்மா. மூணு படமும் இருக்கு."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளாத் தெரிஞ்சும் இன்னைக்கு என்னை நிக்க வச்சு இன்னும் ரெண்டு படம் எடுத்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. பாதி தைத்த கவுனை ஊசியோடு சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவு ஆடி ஆடி நின்றது.

மாமியார் படியேறி மேலே போய்விட்டாள்.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. டெய்லரக்கா மணிக்கட்டுத் திண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஓவர்லாக், மெஷினை நிறுத்து. இன்னைக்குத் தையல் கிடையாது. கோப்பைத் திற. முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் நாமே சொல்லிடணும். அவன் சொல்றதுக்கு முன்னாடி."

"எல்லாருக்குமாக்கா? கஸ்டமர் ஒருத்தி மிஞ்சமாட்டா."

"மிஞ்சறவங்களுக்குத் தைப்போம்."

மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு போன். "உங்க அளவும் படமும் என்கிட்டேருந்து திருடு போயிடுச்சு. தப்பு என்னோடது. மிரட்டறான். நான் பணம் கட்டறதா இல்ல. உங்களுக்கு வேற யாரு மூலமாவும் தெரியக் கூடாதுன்னுதான் நானே சொல்றேன்." முதல் பத்துப் பேரிடம் தாளில் எழுதி வைத்துப் படித்தாள். இருபதாவது ஆளிடம் தாள் தேவைப்படவில்லை.

ஒருத்தி அழுதாள். ஒருத்தி வக்கீல் வைப்பேன் என்றாள். "வைங்க, உங்களுக்கு அந்த உரிமை இருக்கு" என்று சொல்லி டெய்லரக்கா அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். ஒருத்தி நிதானமாகக் கேட்டுவிட்டு, "என் இடுப்பு அளவை ஊருக்குச் சொல்லப்போறானா? சொல்லட்டும். எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா இலவசமாச் சொல்லிட்டிருக்கார்" என்றாள். பேக்கரிக்காரி, "போலீசுல புகார் கொடுக்கப் போறீங்கன்னா என்னையும் கூப்பிடுங்க" என்றாள். மூணாம் மாசக்காரி, "நல்லவேளை, நேத்துத்தான் வீட்டுல சொன்னேன்" என்று பெருமூச்சு விட்டாள்.

வகுப்பு முடிந்து திரும்பிய வாத்தியார் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலில் யாருக்குச் சொல்லியாயிற்று, யார் எடுக்கவில்லை என்று குறிக்க ஆரம்பித்தார்.

"பேரை மட்டும் பாருங்க," என்றாள் அவள். "குறிப்பைப் படிக்கக் கூடாது."

அவர் குறிப்புப் பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துக்கொண்டார்.

ஒரு பெயரை மட்டும் டெய்லரக்கா கடைசிவரை தள்ளிக்கொண்டே போனாள். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. 'நாளைக் காலையில ஒரு பத்து நிமிஷம் கடைக்கு வரமுடியுமா?' என்று மட்டும் செய்தி அனுப்பினாள்.

காலை ஏழரைக்கு வந்தாள் அந்த அம்மாள். வாத்தியார் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை. ஓங்கிப் பேசமாட்டாள், அவள் நடைபாதையில் வந்தாலே மைதானம் அடங்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு மார்பில் அறுவை நடந்தது. இடதுபக்கம் முழுதாக எடுத்துவிட்டார்கள். 'சிறுநீரகக் கல்' என்று பள்ளியில் விடுப்பு எழுதினாள். அவள் சட்டைகளின் உள்துணியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு பை வைத்து, அதில் கனம் சரியாக நிற்கும்படி பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தது டெய்லரக்கா. அதற்காக எடுத்த மூன்று படங்களில் ஒத்திகைச் சட்டை கிடையாது.

டெய்லரக்கா எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். தலைமையாசிரியை உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"என் புருஷன்கூட அந்தப் பக்கத்தை வெளிச்சத்துல பார்த்ததில்ல. உங்ககிட்ட மட்டும்தான் விளக்கைப் போட்டு நின்னேன்."

"தெரியும் மேடம்."

"பேரையும் நம்பரையும் ஏன் கீழே எழுதினீங்க?"

"ஆள் மாறிடக் கூடாதுன்னு எழுதினேன். முட்டாள்தனம் மேடம். அதுக்கு மேல என்னால சொல்லமுடியாது."

"இன்னைக்கு எத்தனை மணி வரைக்கும்?"

"நாலு மணி." டெய்லரக்கா அவள் எதிரே வந்து நின்றாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு எடுத்த முடிவு இது. "மத்தவங்க எல்லாருக்கும் கட்டமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல. வைராக்கியம் என்னோடது, உடம்பு உங்களோடது. கட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கட்டிடறேன். ஆனா கட்டினாலும் அவன் அழிச்சுட்டான்னு என்னால சத்தியம் பண்ணமுடியாது. அது ஒண்ணுதான் உண்மை."

தலைமையாசிரியை எழுந்தாள். கண்ணாடியில் சட்டையின் தோளைச் சரிசெய்துகொண்டாள். "யோசிக்கணும்," என்றாள். போய்விட்டாள்.

அன்று மத்தியானம் வாத்தியார் லீவு போட்டிருந்தார். கம்பெனியில் காலையிலேயே ரத்து செய்து, நாணயத்தை விற்று, பேங்கில் எடுத்த ரொக்கத்தை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். டெய்லரக்காதான் எடுத்து வரச் சொல்லியிருந்தாள்.

"நேத்து வரைக்கும் தரமாட்டேன்னே. இன்னைக்கு எடுத்துட்டு வரச் சொல்றே. ஒண்ணும் புரியல."

"ஒருத்தரோட பதிலுக்காகக் காத்திருக்கேன். அவங்க கட்டுன்னா நீங்க அந்த மாடிக்கு ஓடணும். வேண்டாம்னா வேண்டாம்."

"யாரு?"

"சொல்லமாட்டேன்."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தான்."

பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவர்களுக்குள் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றும் இருந்ததில்லை. நேற்றைக்கு முன்னால் வரை, என்று அவர் மனசு திருத்தியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். "சரி. நான் உனக்குத் தெரியாம ஒரு மச்சானையே உண்டாக்கினவன். கேட்க எனக்கு வாயில்ல."

"அப்படியே இருங்க," என்று அவர் தோளில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். கை அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது.

மூன்று மணி. மூன்றேகால். அந்த முகமில்லாதவன் 'கடைசி வாய்ப்பு' என்று ஒரு செய்தி அனுப்பினான். மூன்றரை. ஓவர்லாக் சும்மா இருக்க முடியாமல் ஏற்கெனவே ஓரம் அடித்த துணியை மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் டீ கொண்டுவந்து வைத்தாள், யாரும் குடிக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு வாத்தியார் பையோடு எழுந்து வாசலில் போய் நின்றார். ரிப்பேர் கடை மாடிக்குப் போக நாலு நிமிடம், அனுப்பப் பத்து நிமிடம் ஆகும்.

போன் மினுங்கியது.

'கட்டாதீங்க.'

அவ்வளவுதான். டெய்லரக்கா இரண்டு முறை படித்தாள். அப்புறம் வாசலைப் பார்த்து, "உள்ள வாங்க வாத்தியாரே," என்றாள். "வெயில்ல நிக்காதீங்க."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் ஆரம்பித்தான். யார் பெயருக்கு நேரே கனமான குறிப்பு இருந்ததோ அங்கிருந்துதான் ஆரம்பித்தான். பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில், தெரியாத ஒரு எண்ணிலிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. கீழே குறிப்பும் பெயரும். எப்படிக் குழுவுக்குள் நுழைந்தான் என்பது பிற்பாடும் தெரியவில்லை.

வாத்தியாரின் கையில் போன் இருந்தது. ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று திரையைக் கவிழ்த்தார். முகம் வெளுத்திருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

"இவங்களா?" என்றார் கிசுகிசுப்பாக. "மூணு வருஷமாவா?"

நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வாத்தியார் முகத்தை ஒருபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, படம் தெரியாதபடி திரையைக் கட்டைவிரலால் மேலே தள்ளினார். தலைமையாசிரியையின் பதில் வந்திருந்தது. சத்தமாகப் படித்தார்:

"'இது நான்தான். மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டேன். பிழைத்தேன். சிறுநீரகக் கல் என்று எழுதியது பொய், அந்த விடுப்பைத் திருத்தி எழுதித் தருகிறேன். படத்தை அனுப்பியவர் இந்தக் குழுவில் இன்னும் இருந்தால் வெளியேறவும். மற்றவர்கள் படத்தை அழித்துவிட்டு, வினாத்தாள்களைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்கவும். இதுவரை நாலு பேர்தான் கொடுத்திருக்கிறீர்கள்.'"

ஓவர்லாக்கின் மெஷின் நின்றது.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: 'மேடம், என் வினாத்தாள் நாளைக் காலையிலேயே வந்துவிடும்.' அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். 'என்னுடையதும்.' 'என்னுடையதும் மேடம்.'

அவன் விடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் இன்னும் ஏழு பெண்களின் படங்கள் அவரவர் உறவினர்களுக்கும் அலுவலகங்களுக்கும் போயின. அதில் மூன்று வீட்டில் பெரிய சண்டை. ஒருத்தி டெய்லரக்காவைக் கூப்பிட்டு, காது கூசும்படி திட்டிவிட்டு வைத்தாள். கல்யாணப் பெண் போனை எடுக்கவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 'உன் பொண்டாட்டி படம் வந்திருக்கு' என்று சொல்லப்போனவனுக்கு 'தெரியும், எவனோ திருடன், நீ ஏன் அதைத் திறந்து பார்த்தே?' என்று பதில் தயாராக இருந்தது. ஐந்தரைக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'பாதித் தொகை போதும்.'

டெய்லரக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "வாத்தியாரே, பேரம் பேசறான் பாருங்க! தள்ளுபடி விலையாம்!"

மறுநாள் காலை பத்து மணிக்கு இணையக் குற்றப் பிரிவு அலுவலகத்தின் முன்னறையில் நாற்காலி போதவில்லை. டெய்லரக்காவோடு சேர்த்துப் பத்தொன்பது பெண்கள் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரி ஒரு பெட்டி பன் கொண்டுவந்து காவலுக்கு நின்றவருக்கும் சேர்த்துக் கொடுத்தாள். வீட்டு ஆள் என்று மாமியாருக்கு மட்டும் யாரும் போன் போடவில்லை; தன் அளவும் அந்தக் கோப்பில் இருக்கிறது என்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, கோபத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் தனியாக ஒரு மேசையில், தான் அனுப்பப் பார்த்ததையும் சொன்ன பொய்யையும், மாடி அறை ஆளைப் பற்றியும் கையால் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் கொடுத்தாப் போதும்மா," என்றார் புகார் வாங்கிய அதிகாரி. தூக்கம் இல்லாத முகம், ஆனால் பொறுமையான ஆள். "எல்லாம் ஒரே கேஸ்தானே."

"இல்ல," என்றாள் தலைமையாசிரியை. "பத்தொன்பது பேரும் தனித்தனியா. பேரு, விலாசம், கையெழுத்து எல்லாத்தோடயும்."

"சரி, உண்மையைச் சொல்லிடறேன்," என்றார் அதிகாரி. "தடம் தெரியாத நாணயம் கேட்கறவனைப் பிடிக்கிறது சுலபம் இல்ல. ஆனா எவ்வளவு ஒளிச்சாலும் சோறு வாங்க அவன் அதை ஒருநாள் சாதாரணப் பணமா மாத்தித்தான் ஆகணும். மாத்தற இடத்துல ஒருத்தர் உட்கார்ந்து 'நீ யாரு'ன்னு கேட்டா மாட்டுவான். அந்த மாதிரி மாடி அறைகள் இருக்கிறவரைக்கும் தப்பிச்சுட்டுத்தான் இருப்பான். இதே முகவரியைப் பத்தி வேற ரெண்டு ஊர்லேருந்தும் புகார் வந்திருக்கு. உங்களோடது சேர்ந்தா ஒரு கனம் வரும். எவ்வளவு நாள் ஆகும்னு கேட்காதீங்க."

"கேட்கல," என்றாள் டெய்லரக்கா. "எழுதுங்க."

முதல் தாள் அவளுடையது. அவர் அவளைக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். என்ன திருடு போனது, எப்போது, எப்படி. மின்னஞ்சலைத் திறந்தது தன் தவறு என்பதையும், பெயரைப் படத்துக்குக் கீழே எழுதியது அதைவிடப் பெரிய தவறு என்பதையும் அவளே சொல்லி எழுத வைத்தாள். அடியில், குற்றம் செய்தவர் யார் என்று எழுத, ஒரு அகலமான கட்டம் இருந்தது: 'எதிரி.' அதிகாரி கைப்பழக்கத்தில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதிப் பேனாவை நீட்டினார்.

டெய்லரக்கா வாங்கவில்லை.

"அதுக்கு முன்னால ஒரு வார்த்தை விட்டுப்போச்சு சார்."

"என்ன?"

"'இப்போதைக்கு'ன்னு போடுங்க."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற பதினெட்டு பேரையும் பார்த்தார். அப்புறம், நெருக்கமாக இருந்த எழுத்துகளுக்கு முன்னால் இடம் பண்ணிக்கொண்டு, அந்த வார்த்தையைச் சேர்த்து எழுதினார்.